உறைக்குள் இருந்த டாக்டர்

இந்தத் தடவை மனைவியிடம் தோற்பதில்லை என்று பல் துலக்கும்போதே முடிவெடுத்தேன். வாயில் நுரை, நெஞ்சில் உறுதி.

வீட்டு முன்னறையில் தையல் கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடக்க வேண்டும் என்பது என் ஆசை. பஞ்சாயத்துக்கு ஒரு மர்ம நாவல் வந்தது. அத்தியாயத்துக்கு ஒரு சங்கேதப் புதிர். எல்லாவற்றையும் அவிழ்த்தால் கொலைகாரன் யாரென்று தெரியும். விடை, கடைசிப் பக்கத்தில் செருகியிருந்த, ஒட்டிய உறைக்குள்.

"முதல்ல கண்டுபிடிக்கிறவங்களுக்கு முன்னறை. உறையைப் பிரிக்கக் கூடாது" என்றாள்.

"சேச்சே! என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"அப்படித்தான் தெரியுது."

முதல் புதிர்: 'ஓடுவதன் தலையை வெட்டினால் சன்னலில் தொங்கும்.' ஒரு திருடனை ஓடவிட்டு, வெட்டி, தொங்கவிட்டுப் பார்த்தேன். பலனில்லை.

அவள் வெங்காயம் நறுக்கியபடியே, "குதிரை. தலை போனா திரை" என்றாள்.

எனக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தால் அல்ல.

அவள் கடைக்குப் போன நேரம், உறையைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டினேன். சமர்த்தாகப் பிரிந்தது. 'கொலைகாரன்: டாக்டர்.' மறுபடி ஒட்டிவிட்டு, கதையைப் படிக்கும் வேலை மிச்சம் என்று படுத்துவிட்டேன்.

அவள் வந்ததும் எழுந்து நின்று அறிவித்தேன். "டாக்டர்!"

"அடேங்கப்பா! எப்படிங்க?"

"ஒரு புதிர்ல 'கசப்பு'ன்னு வருதில்ல? கசப்புன்னா மருந்து. மருந்துன்னா டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"கதையில வர்ற டாக்டர்தான்."

"இந்தக் கதையில டாக்டரே கிடையாதுங்க."

நின்றவன் உட்கார்ந்தேன்.

"அது எங்கக்கா குடுத்த வேற நாவலோட உறை. நான்தான் மாத்தி வெச்சேன்" என்று கைப்பையிலிருந்து நிஜ உறையை எடுத்தாள். ஒட்டு கலையவில்லை. "தோட்டக்காரன். நீங்களே பிரிச்சுப் பாருங்க."

பிரித்தேன். தோட்டக்காரனேதான்.

முன்னறைக்குத் தையல் மெஷின் வந்தது. மெஷினை மிதித்தபடி அவள் பாட்டு முணுமுணுத்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட குரல். அதைக் கேட்டதும், அவள் சொல்லாமலே போய் நானே பெயர்ப்பலகை மாட்டினேன். அறுந்த பட்டன்களைக்கூடத் தைத்துக் கொடுத்தேன்.

முதல் வாடிக்கையாக வந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து, "இவர்தான் முதலாளியா?" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

என் மனைவி தலை நிமிரவில்லை. "இல்லீங்க, பட்டனுக்குக் காஜா எடுக்கப் புதுசா சேர்ந்திருக்கார். கை படிஞ்சா வெச்சுக்கலாம்னு பார்க்கிறேன்."