ஊட்டா சாரின் இரண்டாவது கேள்வி

சாப்பிடாமலே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி ஊட்டா சாரிடமிருந்து தப்பித்தவர் மைசூரில் ஒருவரும் கிடையாது. எதிரே வருகிறவரை "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பது இந்த ஊர் வழக்கம். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். வயிறு காலியாக இருந்தாலும் "ஆய்த்து" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவோம். நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரான ஊட்டா சாருக்கு, ரயில்வேயில் ஓய்வு பெற்ற தனி ஆள், இந்த விஷயம் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். பிறகு இரண்டாவது கேள்வி வரும்: "என்ன சாப்பிட்டே?"

சிலிண்டர் போட வந்தவர் ஒருமுறை "உப்புமா சார்" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். "ரவையா, அவலா?" என்றார் ஊட்டா சார். அந்த மனிதர் யோசித்து முடிப்பதற்குள் கையில் சித்ரான்னத் தட்டு வந்துவிட்டது. அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை தெருவே சிலிண்டருக்குக் காத்திருந்தது.

ஒரு கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி மணப்பெண்ணையே கேட்டார். "ஆச்சு அங்கிள்" என்றது பெண். "என்னம்மா சாப்பிட்டே?" அவ்வளவுதான், பெண் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து வெறும் காபி. கவரோடு வரிசையில் நின்றவர்களைக் காக்கவைத்து, மேடையிலேயே மூன்று இட்லி சாப்பிட வைத்தார். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ அந்த ஆல்பத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று நாங்கள் வேண்டிக்கொண்ட நாள் ஒன்று உண்டு.

என் மனைவி சுமதிக்கு, தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம். அவள் அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம் எங்களுடையது. ஆறு வருடம் ஒரு போன்கூடக் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம், சொல்லாமல் கொள்ளாமல் தன் தம்பியோடு வாசலில் வந்து நின்றார். சுமதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஏழு மணிக்கே கேஸ் தீர்ந்துபோயிருந்தது. ஓட்டலிலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்டேன்.

"ஆறு வருசங் கழிச்சு வந்த அப்பாவுக்குக் கடைச் சோறா?" என்று பல்லைக் கடித்தாள். "கீழ சார்கிட்டயும் சோத்துக்குப் போயி நிக்காதீங்க. மானம் போயிரும்."

இரண்டு தட்டு வைத்தாள். மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ உக்காரலையா?"

"நாங்க அப்பவே சாப்பிட்டோம்ப்பா."

பிசைந்த கை நின்றுவிட்டது. அவர் தம்பியைப் பார்த்து, "நம்மகூட ஒக்காந்து சாப்புட இன்னும் மனசு வரலையாட்ட இருக்குது" என்றார். மாமனார் கையைத் தட்டிலேயே உதறினார். எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது. எழுந்தால் இனி இந்தப் படி ஏற மாட்டார் என்பதும் தெரிந்தது.

அப்போது பார்த்து, படியில் கிடந்த புதுச் செருப்புகளைக் கண்டுவிட்டு ஊட்டா சார் வாசலில் வந்து நின்றார்.

"ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்து சார்" என்றேன், கண்ணால் கெஞ்சியபடி.

"எப்போ?"

"ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கு நீ கீழே வந்து என்கிட்ட சிலிண்டர் கேட்டுண்டு நின்னியேப்பா, ஸ்பேர் இல்லேன்னேனே! சும்னே பொய் சொல்றே." விறுவிறுவென்று உள்ளே போய்ச் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். திரும்பி மாமனாரிடம் சொன்னார்: "இங்கே இருந்ததே ரெண்டு பேர் சாப்பாடு சார். கேஸும் இல்லே. அதை உங்களுக்குப் போட்டுட்டு உங்க பொண்ணு பட்டினி நிக்கறா."

சுமதி முகத்தை மூடிக்கொண்டாள். மாமனார் தட்டை நகர்த்தி வைத்தார்.

"இன்னும் ரெண்டு தட்டு எடுத்துட்டு வா, கண்ணு. இருக்கறத நாலா போடு."

அந்தக் 'கண்ணு'வை ஆறு வருடம் கழித்துக் கேட்டவள் சமையலறைக்குள் போய் அழுதாள். நானும்தான். அதற்குள் ஊட்டா சார் கீழே போய், சூடான குக்கரைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மாமனார் அவரையும் உட்காரச் சொன்னார். "எனக்கு ஆய்த்து, ஆய்த்து" என்று இறங்கிப் போய்விட்டார்.

காலையில் சிலிண்டர் வந்து சுமதி அடுப்பு பற்றவைத்ததும், குக்கரைக் கழுவிக் கொடுக்கப் போனேன். மேஜைமேல் பிரித்த பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு டம்ளரும் இருந்தன. ராத்திரி அவரிடம் இருந்த சாப்பாடே அந்த ஒரு குக்கர்தான்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க சார்?"

அவர் அவசரமாகப் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சுமதி மேலேயிருந்து அவரை டிபனுக்குக் கூப்பிட்டாள். என் பின்னால் மாடியேறி வந்தார்.

அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் தெருவில் யாராவது "ஊட்டா ஆய்த்தா?" என்கிறார்கள். "ஆய்த்து" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன்.