ஆயிரம் கிலோமீட்டர் பொறுமை

பொங்கல் முடிந்த மறுநாள் நான் ஒரு முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது என் மனைவி சகாயராணியின் இலாகா. ஆகவே அதை வெளியே சொல்லாமல் என்னோடு வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு, ஓசூரில் பழைய மோட்டோகிராஸ் வீரர்களுக்கு ஒரு பந்தயம். மோட்டோகிராஸ் என்றால் தார் ரோட்டில் ஓட்டுவது அல்ல. மண்மேட்டில் ஏறி, வண்டியோடு பறந்து, சேற்றில் இறங்கி, அதற்குப் பிறகும் உயிர் இருந்தால் தொடர்ந்து ஓட்டுவது. ஐம்பது வயது தாண்டியவர்கள் தங்கள் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியோடு வரலாம் என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. வயது, வண்டி, இரண்டுமே என்னிடம் இருந்தன.

வண்டி எங்கள் தர்மபுரி வீட்டின் பின்பக்கக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதில் நான் பறந்த காலம் உண்டு. ஒருமுறை ஆறுதல் பரிசாக எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கினேன். கல்யாணமான அடுத்த வருடம் நானும் வண்டியும் தனித்தனியாகப் பறந்ததில், என் தோள்பட்டை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சகாயராணி சத்தியம் வாங்கினாள்.

"இனிமே பந்தயம்னு போகக் கூடாது."

"போகமாட்டேன்."

வலியில் சொன்னது செல்லாது என்பது என் வாதம். அவளிடம் அதை வாதாடிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வண்டி உதைத்தால் கிளம்பியது. புகை விட்டது. இருமியது. இழுவை மட்டும் இல்லை. எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். அதைச் சுற்றி வளையம்போல் இருப்பது ரிங். ரிங் தேய்ந்துவிட்டது. புது ரிங் போட்டால் ஒரு பந்தயம் தாங்கும். ஆனால் அந்த வண்டி உற்பத்தி நின்று எத்தனையோ வருடம். "அந்த வண்டியை நான் போட்டோவுலதான் சார் பாத்திருக்கேன்" என்றார் எங்கள் ஊர்க் கடைக்காரர்.

தேடக் கிளம்பினேன். வீட்டில் சொன்னது கொலஸ்ட்ரால் டெஸ்ட்.

மொரப்பூரில் ஒருவர் "இருக்குது, வாங்க" என்றார். போய்ப் பார்த்தால், வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினின் ரிங். கைக்குழந்தைக்கு வளையலாகப் போடலாம். மாரண்டஹள்ளியில் ஒரு பழைய ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியின் பிஸ்டனே இருந்தது. ரிங்கோடு, பளபளவென்று, சாமி படத்துக்கு முன்னால். தலைகீழாக வைத்து, உள்ளே மணல் நிரப்பி, ஊதுபத்தி செருகியிருந்தார்கள்.

"இத விப்பீங்களா?"

"எங்கப்பா வெச்சதுங்க. தினம் அதுலதான் சாமிக்குப் பத்தி ஏத்தறோம். எப்படிங்க குடுக்கறது?"

கும்பிட்டுவிட்டு வந்தேன். சாமியையா, பிஸ்டனையா என்று எனக்கே தெரியாது.

வீட்டில் சகாயராணி வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"டெஸ்டு என்னாச்சுங்க?"

"நார்மல்."

"ரத்தம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்களே."

"எடுத்த எடத்துல பஞ்சு வெப்பாங்க. உங்களுக்கு கிரீஸ் வெச்சிருக்காங்க?"

கையைப் பின்னால் மறைத்தேன். "பஸ்ஸுல கம்பியப் புடிச்சேன்."

"மாரண்டஹள்ளி பஸ்ஸா?"

"ஆமா" என்று வாய் முந்திக்கொண்டது. "அங்க ஒரு நல்ல லேபு இருக்குது."

"தர்மபுரில இல்லாத லேபு! சரி, கை கழுவிட்டு வாங்க. அதான் நார்மலாச்சே, வடை தின்னுங்க."

தப்பித்துவிட்டதாக நினைத்து நாலு வடை தின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மாது தினமும் மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றி வருபவர் என்பது எனக்கு ஐந்தாவது வடையில்தான் நினைவு வந்தது.

மாதுவுக்கு என்மேல் ஒரு பழைய கோபம் உண்டு. போன வருடம் அவர் புது ஸ்கூட்டர் வாங்கினார். புதுப் பிஸ்டனை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. உலோகமும் உலோகமும் பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். இதற்கு ரன்னிங்-இன் என்று பெயர். என் வாழ்க்கையில் நான் மீறாத ஒரே சட்டம் இது. மாது சர்ரென்று போவதைப் பார்த்து, நடுத்தெருவில் நிறுத்தி, "புதுப் பிஸ்டன விரட்டறவன் மனுசனாய்யா?" என்று கேட்டுவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சகாயராணி என் முன்னால் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை வைத்தாள். எண்ணெய்த் தாளைப் பிரித்தேன். என் வண்டிக்கான பிஸ்டன்! புத்தம் புதிது!

"விக்டர் எங்கியோ ஒரு பழைய கடையில புடிச்சானாம்" என்றாள். விக்டர் அவள் தம்பி. ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். "இப்படி ஊர் ஊரா அலையறதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்குன்னு நீ கேக்கவே இல்லியே?"

"வண்டி ஓடறதுக்குதான? வேற எதுக்கு?"

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். பால்போல் கள்ளமில்லாமல் இருந்தது.

விக்டர் வந்தான். சிலிண்டரைக் கொண்டுபோய் புதுப் பிஸ்டனுக்குத் தக்கபடி கடைந்து வந்து, சனிக்கிழமை பூட்டிக் கொடுத்தான். உதைத்தேன்.

அந்தச் சத்தம்! ஆயில் கலந்த புகையின் அந்த வாசனை! எனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. ஓசூர் மைதானம் கண்முன் வந்தது. செம்மண் மேடு. என் பெயரை "அருணாசலம்" என்று மைக்கில் தப்பாகக் கூவும் அறிவிப்பாளர். நான் அருள்நாதன் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. வேலிக்கு அப்பால் மஞ்சள் தாவணியில் ஒரு பெண். அப்போது அவள் விக்டரின் அக்கா மட்டும்தான். நான் மேட்டில் ஏறும்போதெல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்ப்பாள்.

திரும்பினேன். கொட்டகை வாசலில் அதே கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது பொத்திக்கொள்ளவில்லை.

ரன்னிங்-இன் சட்டம் நினைவுக்கு வராமல் இல்லை. ஒரே ஒரு நாள் மீறினால் என்ன? சகாயராணிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

ஞாயிறு காலை அவள் சர்ச்சில் முதல் பூசைக்குப் போனதும் நழுவிவிடுவது என் திட்டம். பழைய பந்தயச் சட்டையைப் போட்டேன். அது என் தொப்பைக்கு மேலேயே நின்றுகொண்டது. வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தேன். அங்கே சகாயராணி பட்டுப் புடவையில் நின்றாள். கையில் என் ஆறுதல் பரிசு டிபன் கேரியர்.

"பூசைக்குப் போகல?"

"நேத்து சாயங்காலப் பூசைக்கே போயிட்டு வந்துட்டேன். கெளம்பலாமா?"

"எங்க?"

"ஒகேனக்கல்."

"நான் ஓசூர் போறேன். விக்டரப் பாக்க."

"மச்சானப் பாக்கப் போறவங்க முட்டிக்கு எதுக்குங்க பேடு கட்டியிருக்கீங்க?"

அப்போது மதில்மேல் மாதுவின் தலை முளைத்தது. "புதுப் பிஸ்டனாமே அருளண்ணா! புதுப் பிஸ்டன விரட்டறவன்..."

"மாது, வாய மூடு."

"நீங்க சொன்னதுதாங்கண்ணா!"

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஒரே ஒரு ரேஸு, சகாயம்."

"தாராளமாப் போங்க. ஆனா இன்னிக்கு விரட்டினா பிஸ்டன் ஜாமாயிடுமாம். இன்னொண்ணு எங்கியும் இல்லியாம். அப்பறம் அந்த மாரண்டஹள்ளி சாமிகிட்டதான் போய்க் கேக்கணும்."

நான் மதில்மேல் இருந்த மாதுவை முறைத்தேன். "வெறும் ரிங்கு மட்டும் கெடச்சிருந்தா இந்நேரம்..."

"கெடச்சுதே. விக்டர்கிட்ட ரெண்டும் இருந்துச்சு. ரிங்கு மட்டும் போட்டா மாமா பந்தயத்துக்குப் போயிடுவாரு, பிஸ்டன் போட்டா ஆயிரம் கிலோமீட்டர் உருட்டணும், எது வேணும்க்கான்னு கேட்டான். பிஸ்டன்டான்னு சொன்னேன்."

நான் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"கல்யாணமான புதுசுல ஒகேனக்கல் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்குதா? அப்பவும் புதுப் பிஸ்டன். முப்பதுக்கு மேல போகமாட்டேன்னுட்டீங்க. பூ மொட்டா வெச்சுட்டு ஏறுனேன். பென்னாகரத்துலயே பூத்துருச்சு. ஆடு மேய்க்கறவரு கூடவே நடந்து வந்து நம்மகிட்ட ஊர்க்கத பேசினாரு."

சிரித்துவிட்டேன். ஆமாம், பேசினார்.

"நீங்களும்தான் வழியெல்லாம் பேசிட்டே வந்தீங்க. அப்பறம் ரன்னிங்-இன் முடிஞ்சுது. வண்டி பறக்க ஆரம்பிச்சுது. காத்துல நீங்க சொன்ன ஒண்ணுமே எனக்குக் கேக்கல."

நான் முட்டிப் பேடைக் கழற்றி மாதுவிடம் கொடுத்தேன்.

நாலு ரோட்டில் முன்சக்கரம் ஓசூர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தது. பென்னாகரம் ரோட்டில் திருப்பினேன். முள் முப்பதில் நின்றது. நான் எதையோ சொன்னேன். பின்னாலிருந்து பதில் வந்தது. காதில் தெளிவாக விழுந்தது.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான பந்தயம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் ஒரு டிராக்டரிடம் தோற்றேன்.