நான் வழிகாட்டிய மரதன் ஓட்டம்

கல்யாணமான ஆண்பிள்ளைக்கு இரண்டு விஷயங்களில் மட்டும் சந்தேகமே வராது. ஒன்று, தனக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும் என்பது. மற்றது, தனக்கு வழி தெரியும் என்பது. என்னுடைய இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒரே காலையில், மூச்சிரைக்கும் ஆறு பேரின் கண் முன்னால் பறிபோயின. (கார் ஓட்டத் தெரியாது என்பதை மட்டும் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

அறுபத்தொன்பதாம் வருடம். இலங்கை மலைநாட்டில், பசறைக்கும் மடுல்சீமைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை. எங்கள் ஆபீசுக்குத் தபால் கொண்டுவரும் சந்திரனின் அக்காதான் என் மனைவி பாக்கியம். சந்திரன் தினமும் தோல்பையை மாட்டிக்கொண்டு பசறைத் தபால் கந்தோருக்கு ஓடிப்போய் ஓடிவருவான். நடந்து போனாலே போதும், சம்பளம் ஒன்றுதான், ஆனாலும் ஓடுவான். பசறையில் சித்தி வீட்டில் இருந்த பாக்கியத்துக்கு நான் எழுதிய கடிதங்களும் அந்தப் பையில்தான் போயின. அவன் ஓடிய வேகத்தில் தனக்கு யோசிக்கவே நேரம் கிடைக்கவில்லை என்று பாக்கியம் இப்போதும் சொல்வாள்.

அந்த நாட்களில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை இல்லை, பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமி என்று வாரம் ஒன்றாக வரும் போயா தினம்தான். கல்யாணமான இரண்டாம் வருடம் நான் ஒரு கார் வாங்கினேன். பதுளையில் இருந்த டொக்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, "கவனமாப் பாரும், நல்ல கார்" என்று கண் கலங்கச் சொல்லி விற்றுவிட்டுப் போன பச்சைக் கார் அது. (அவர் ஏன் கண் கலங்கினார் என்பது முதல் ஏற்றத்திலேயே புரிந்தது.) ஏற்றம் வந்தால் கார் தண்ணீர் கேட்கும். இறக்கம் வந்தால் பாக்கியம் கதிர்காமத்து முருகனைக் கூப்பிடுவாள். போயாவுக்குப் போயா நாங்கள் மூவரும், அதாவது நான், பாக்கியம், ஒரு தகர டின் நிறையத் தண்ணீர், ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம்.

எங்கே போவது என்பதைப் பாக்கியம்தான் முடிவு செய்வாள். எங்கே மரதன் ஓட்டம் நடக்கிறதோ அங்கே. மற்றவர்களின் மனைவிமார் புடவைக்கடைக்கும் கோயிலுக்கும் போகக் கேட்பார்கள். என் மனைவி வேர்த்து விறுவிறுத்து ஓடுகிறவர்களைப் பார்க்கக் கேட்பாள். முதலில் வருகிறவனைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் பரவாயில்லை. கடைசி ஆள் வந்து சேரும்வரை அசையமாட்டாள். "அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானேங்க" என்பாள். நான் காருக்குள் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு, அந்த வீட்டுப் பிள்ளை சீக்கிரம் வந்து தொலைய வேண்டுமே என்று பிரார்த்தித்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், அவை எனக்கும் சந்தோஷமான நாட்கள்தான்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு கழிந்து வந்த போயாவில் பசறையிலிருந்து பதுளைக்கு மரதன் ஓட்டம் வைத்தார்கள். சந்திரனும் பெயர் கொடுத்திருந்தான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் பாக்கியம். முதல் நாளே செவ்வந்தி மாலை கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டாள்.

"அவன் எத்தனையாவதா வந்தாலும் சரிங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். தம்பி வந்து சேர்ற நேரம் நான் அங்க நிக்கணும்."

"நின்னாப் போச்சு. நம்ம கார் இருக்குல்ல?" என்றேன்.

சந்திரன் என்னைச் சற்றுக் கவலையோடு பார்த்தான். "மச்சான், நீங்க நேராப் பதுளைக்குப் போயிருங்க. எங்களுக்கு வழி காட்ட முன்னுக்குச் செவப்புக் கொடி கட்டுன ஜீப் ஒண்ணு போகுமாம். நீங்க அதுக்கும் முந்தியே போயிருங்க."

முந்திப் போவதாவது! மறுநாள் காலை பசறை வருவதற்குள் கார் இரண்டு தடவை தண்ணீர் குடித்தது. நாங்கள் வந்து சேர்ந்தபோது ஓட்டக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். போதாததற்கு, பசறை தாண்டிய வளைவுகளில் பாக்கியத்துக்கு வயிற்றைப் புரட்டியது. குளிருக்குத் தோளில் போர்த்தியிருந்த என் சிவப்புத் தேங்காய்ப்பூத் துவாய்த் துண்டுதான் பலியானது. வழியில் மலைத்தண்ணீர் கொட்டும் ஒரு பீலியில் அதை அலசிப் பிழிந்து, காயட்டும் என்று ஒரு நுனியைப் பின்கதவுக் கண்ணாடியில் இறுக்கி மீதியை வெளியே பறக்கவிட்டாள். புருஷனின் துவாயை ஈரமாக மடித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஓட்டக்காரர்களைப் பிடித்துவிட்டோம். சந்திரன் ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பாக்கியம் பாதி உடம்பை வெளியே நீட்டி, "தம்பீ! ஓடுடா!" என்று கத்தினாள். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. காரின் துவாயைப் பார்த்ததும் முகம் மாறியது. கையை ஆட்டி என்னவோ சொன்னான். உற்சாகத்தில் கையாட்டுகிறான் என்று நானும் ஆட்டினேன்.

முன்னால் ஓடிய ஆறு பேரையும் தாண்டியதும், "மெதுவாப் போங்க, அவன் முன்னுக்கு வர்றானான்னு பாத்துக்கிட்டே போவோம்" என்றாள். நான் ஓட்டக்காரர்களுக்கு இருபது அடி முன்னால், அவர்களின் வேகத்திலேயே காரை உருட்டினேன். உண்மையான ஜீப்போ, பதுளையில் யாரோ பலகாரம் வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல எப்போதோ பறந்துவிட்டது. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தெருவோரம் நின்ற சனங்கள் என் காரைக் கண்டதும் கைதட்டினார்கள் என்பதுதான். எதிரே வந்த லொறி ஓரங்கட்டி நின்றது. ஒரு சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் விறைத்து நின்று எனக்கு சலூட் அடித்தார்.

"பாத்தியா?" என்றேன் பாக்கியத்திடம். "கிளாக்கர்னா என்னன்னு நெனச்ச?"

"அவருக்கு உங்களத் தெரியுமா?"

"என்னை யாருக்குத் தெரியாது?"

பெருமை தலைக்கேறினால் மூளைக்கு இடம் இருக்காது. இதே வேகத்தில் போனால் பதுளையில் நல்ல இடம் பிடிக்க முடியாதே என்று அப்போதுதான் தோன்றியது. தூரத்தில் வலப்பக்கமாக ஒரு தோட்டப் பாதை மேலேறியது. அந்தப் பக்கம் பதுளைக்கு ஒரு குறுக்கு இருக்கிறது, அரை மணி மிச்சம் என்று எங்கள் தோட்டத்து ஆட்கள் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. ஆபீசிலேயே உட்கார்ந்து, தோட்டத்தை ஆள்கணக்கு எழுதும் செக்றோல் புத்தகத்தில் மட்டும் பார்த்துக் காலம் தள்ளிய கிளாக்கர் ஒருவனால்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும். தோட்டத்தில் குறுக்கு என்றால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்துக்கூடையோடு இறங்குகிற ஒற்றையடிப் பாதை. அதில் ஆடு போகும். ஆள் போகும். டொக்டரின் கார் போகாது.

"குறுக்கால போயிட்டா, தம்பி வர்றதுக்கு முந்தியே நிப்போம்" என்று சொல்லி வலப்பக்கம் திருப்பினேன்.

ஏற்றத்தில் கார் முனகியது. பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, அவங்களும் இதே வழிதான் வர்றாங்க."

"பாத்தியா, அவங்களுக்கும் இந்தக் குறுக்கு தெரிஞ்சிருக்கு."

"தம்பியக் காணோமே."

"அவன் பின்னுக்கு வருவான்."

ஒரு மைல் ஏறியிருப்போம். பாதை ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தில் போய் முடிந்தது. முடிந்தது என்றால் அதற்கப்பால் ஒரு கல் சுவர், அதற்குக் கீழே பள்ளம். கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. ஆறு ஓட்டக்காரர்களும் காரைச் சுற்றி வந்து நின்று, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார்கள். விடுமுறை நாளில் தனியாகக் காவலிருந்த வாட்சர் பதறியடித்து ஓடிவந்தார்.

"ஐயா, இன்னைக்கி வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லீங்களே! எதுக்கு எல்லாரும் இப்பிடி ஓடியாறாங்க?"

நான் கெத்தை விடாமல், முன்னால் நின்ற இளைஞனிடம் கேட்டேன்: "தம்பி, இங்கேருந்து பதுளைக்கு எப்பிடிப் போறது?"

அவன் பெயர் ரபீக். பசறைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். அவன் என்னைப் பார்த்தான். துவாயைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான்.

"என்னயா கேக்குறீங்க? நீங்கதானே எங்களுக்கு வழி காட்டுற கார்?"

அப்போதுதான் கைதட்டல், லொறி, சலூட் எல்லாம் ஒவ்வொன்றாக என் மண்டையில் இறங்கின. பாக்கியம் பின்னால் எட்டி, மெல்லக் கண்ணாடியை இறக்கித் துவாயை உள்ளே இழுத்தாள். பிறகு மடியிலிருந்த மாலையைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாட்சர் தண்ணீர் கொடுத்தார், காருக்கும் மனிதர்களுக்கும். ஆனாலும் கார் கிளம்ப மறுத்தது. மரதன் ஓட்டத்தில் முதல் ஆறு இடத்தில் ஓடியவர்கள் என் காரைத் தள்ளினார்கள். இறக்கத்தில் அது உறுமிக் கிளம்பியதும், விட்டால் போய்விடுவேனோ என்று ஆறு பேரும் பாய்ந்து ஏறிக்கொண்டார்கள். நான்கு பேர் பின்னால், ஒருவன் பாக்கியத்துக்குப் பக்கத்தில் கதவோடு ஒட்டிக்கொண்டு, ரபீக் வெளியே படியில் தொங்கிக்கொண்டு.

நாங்கள் பதுளை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சந்திரன் முதலாவதாக வந்திருந்தான். அவன் பின்னால் ஓடியவர்கள் அவனைப் பார்த்தே சரியான வழியில் வந்து சேர்ந்துவிட்டார்கள். காரிலிருந்து ஆறு ஓட்டக்காரர்கள் இறங்கியதைக் கண்டு சனங்கள் சிரித்தார்கள். நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார்.

"நீர் உந்தப் பெடியனுக்கு என்ன முறை?"

"அக்கா புருஷன்."

"ஓ! அப்ப முன்னுக்கு ஓடின ஆறு பேரையும் மலையில ஏத்திவிட்டு, உம்மட மச்சினனை வெல்ல வைச்சிருக்கிறீர். திட்டம் போட்டுச் செய்த வேலையோ?"

சந்திரனின் முகம் வெளுத்துவிட்டது. அவன் நியாயமாக ஓடி வாங்கிய முதலிடம் என்னால் போகப்போகிறதே என்று எனக்கு வாய் குழறியது. அப்போது ரபீக்தான் முன்னால் வந்தான்.

"சேர், இவரு திட்டம் போட்டிருக்க மாட்டாரு. மலை உச்சியில நின்னு பதுளைக்கு எப்பிடிப் போறதுன்னு என்கிட்டத்தான் கேட்டாரு."

நடுவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "சரி, நம்பலாம்" என்றார். என் மடமையை அத்தனை பேர் முன்னிலையில் ஒரு கணக்கு வாத்தியார் ஏற்றுக்கொண்டதில் அன்று எனக்கு உண்டான நிம்மதி கொஞ்சமல்ல.

"நீ எப்படியப்பா சரியான வழியில வந்தனீ?" என்று சந்திரனைக் கேட்டார்.

சந்திரன் தலையைச் சொறிந்தான். "மச்சான் வலப்பக்கம் திரும்புனாரு சேர். அப்ப எடப்பக்கந்தான் சரின்னு வந்துட்டேன். இவங்களையும் கத்திக் கத்திக் கூப்பிட்டேன், காதுல விழல்ல."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அங்கே காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கூடச் சிரித்தார். பாக்கியம் மட்டும் மாலையோடு ஓரமாக நின்றாள். "எல்லாரும் பாத்தாங்க. நான் பாக்கலியேடா" என்றாள்.

சந்திரன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு என் தோளில் கிடந்த சிவப்புத் துவாயை உருவி, ஒரு நுனியை நடுவரிடமும் மறு நுனியை ரபீக்கிடமும் கொடுத்தான். "கொஞ்சம் புடிங்க" என்று சொல்லிவிட்டு, வந்த தெருவிலேயே திரும்பி நடந்தான். கடைசி வளைவு வரை போனான். அங்கிருந்து, பதினோரு மைல் ஓடிய காலோடு, அக்காவைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் ஓடிவந்தான். முதல் தடவையைவிட அதிகமாகக் கைதட்டினார்கள். துவாயை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் குனிந்தான். அவள் மாலையைப் போட்டுவிட்டு அழுதாள். ரபீக்கும் மற்ற ஐந்து பேரும் விசில் அடித்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. இன்ஜின் ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கார் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. துவாய் மட்டும் நைந்துபோய்ப் பாக்கியத்தின் அலுமாரியில் இருக்கிறது. தலை துவட்டக் கேட்டால் தரமாட்டாள். எங்கள் வீட்டில் யார் கார் ஓட்டினாலும், சந்தி வந்தால் வண்டியை நிறுத்தி என்னிடம் மிகுந்த மரியாதையோடு வழி கேட்பார்கள். நான் சொல்லி முடித்ததும், பாக்கியம் பின்னால் இருந்து, "சரி, அப்ப மத்தப் பக்கம் திருப்பு" என்பாள்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர்கள் இன்றுவரை ஒருமுறைகூட வழி தவறியதில்லை.