கண்ணாடிக் கடைக்காரர் பாஸ்தாவைக் கெடுத்த கதை

சமையலைக் கெடுத்தே தீருவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முடிவென்றால் சாதாரண முடிவா? பல் தேய்க்கும்போது எடுத்து, முகம் கழுவும்போது உறுதி செய்து, துண்டால் துடைக்கும்போது தானே கைதட்டி நிறைவேற்றிய முடிவு!

விஷயம் இதுதான். அவர் மனைவிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. எங்கே எது எரிந்தாலும், உடைந்தாலும், நேரில் போய்ப் பார்த்து, நடந்தது நிஜ விபத்தா, பணத்துக்காகப் போட்ட நாடகமா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அவளுக்குக் கிளை மேலாளர் பதவி வந்திருந்தது. ஆறு மணி நேர ரயில் தூரத்தில்.

இது மூன்றாவது முறை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் முறை வந்தபோது, "அப்ப எனக்கு யாரு சமைப்பா?" என்று கேட்டார். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் மறுபடி வந்தது. அப்போது அவர் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு முட்டையை வேகவைக்கப் போய், அடுப்பில் வைத்ததை 'மறந்து', பாத்திரத்தின் அடி ஓட்டையாகிறவரை டி.வி. பார்த்தார். மறுநாளே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். அந்த நாற்காலியில் அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருத்தன் போய் உட்கார்ந்தான். அவள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார் நம்மவர். புருஷன்மார்களுக்கு இந்த அகராதி எந்தக் கடையில் கிடைக்கிறதோ!

இந்த முறை அவள் அவரைக் கேட்கவில்லை. எலெக்ட்ரிக் குக்கர் ஒன்று வாங்கினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தக்காளி, வெங்காயம், பூண்டு எல்லாம் வதக்கிக் கொதிக்கவிட்டு, பெரிய அண்டா நிறைய சாஸ் செய்தாள். ஆறவைத்துப் பெட்டி பெட்டியாக ஊற்றி ஃப்ரீசரில் அடுக்கினாள். ஒரு பெட்டி ரெண்டு பேருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றை எடுத்து அவருக்குச் செய்து காட்டியது போக, மீதி இருபத்தாறு.

"நல்லாப் பாத்துக்கோங்க. அளவா தண்ணி. அளவா உப்பு. பாஸ்தாவைப் பரப்பிப் போடணும். சாஸ் மேலதான், உறைஞ்ச கட்டியாவே. கிளறக் கூடாது, கிளறினா சாஸ் அடியில போய்ப் பிடிச்சுக்கும். மூடி, ஆவி போற ஓட்டையை அடைச்சு, அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்."

"இதுக்கு விசில் கிடையாதா?"

"கிடையாது."

"விசில் வராம வெந்துடுச்சுன்னு எப்படி நம்பறது?"

"இருபத்திரண்டு வருஷத்துல என்னிக்காவது நீங்க விசிலை எண்ணியிருக்கீங்களா?"

அவர் குக்கர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள். "நாளைக்கு மத்தியானம் நீங்க தனியா செய்யுங்க. நான் வெளிய போயிடறேன். சாப்பிடற மாதிரி வந்தா நான் அந்த வேலைக்குப் போறேன். வரலைன்னா திங்கக்கிழமை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். மூணாவது தடவையும் மறுத்தா இனிமே யாரும் என்னைக் கேக்கவே மாட்டாங்க. யோசிச்சு செய்யுங்க."

யோசித்தார். அதுதான் வினை.

ஞாயிறு காலை அவள் தையற்கடைக்குக் கிளம்பிப் போனதும், இவர் மாடிப்படிக்கு வந்தார். மாடி வீட்டில் ரிட்டையரான டிக்கெட் பரிசோதகர். ஊரில் யார் குடும்பத்துக்கும் இலவசமாக ஆலோசனை சொல்கிறவர்.

"என்ன சார், தங்கச்சி ஊர் மாறப் போகுதாமே?"

"இன்னும் முடிவாகல. பாஸ்தாதான் முடிவு பண்ணணும்."

விஷயத்தைச் சொன்னார். பரிசோதகர் சிரித்தார். "இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க? போன தடவை நான் சொன்ன முட்டை வேலை செஞ்சுதா இல்லியா?"

"செஞ்சுது. ஆனா மனசுக்கு ஒரு மாதிரி…"

"மனசைக் கொண்டுபோய் பீரோவில வைங்க சார். கல்யாணமான புதுசுல நான் ஒரே ஒரு தடவை துணி துவைச்சேன். அவ வெள்ளைப் புடவையோட என் சிவப்புத் துண்டையும் சேர்த்து ஊறப் போட்டேன். முப்பத்தோரு வருஷமாச்சு, ஒரு கைக்குட்டையைக் கூட என்னை நம்பிக் குடுத்ததில்ல."

"திட்டலையா?"

"ஒரு நாள் திட்டினா. வாங்கிக்கிட்டேன். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. அரைகுறையா கெடுக்காதீங்க. போகப் போகப் பழகிடும்னு சொல்லிடுவாங்க. கெடுக்கறதா இருந்தா சுத்தமா கெடுங்க."

சுத்தமாகக் கெடுப்பதென்று சமையலறைக்குள் நுழைந்தார். நுழைந்ததும் ஒரு சந்தேகம். தப்பாகச் செய்ய வேண்டுமென்றால் சரியாகச் செய்வது எப்படி என்று முதலில் தெரிய வேண்டாமா? போதாததற்கு அகோரப் பசி. சரி, ஒரு தடவை ஒழுங்காகச் செய்து பார்த்துவிடுவோம் என்று தண்ணீரை அளந்தார், உப்பைப் போட்டார், பாஸ்தாவைப் பரப்பினார், சாஸ் கட்டியை மேலே வைத்தார். கை துறுதுறுத்தது, கிளறவில்லை. மூடினார். அஞ்சு நிமிஷம்.

மூடியைத் திறந்தால், அடடா! பூண்டு வாசனை கூடம்வரை போனது. ஒவ்வொரு பாஸ்தாவும் தனித்தனியாக, சாஸைப் பூசிக்கொண்டு பளபளவென்று கிடந்தது. ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார். ரெண்டு பேர் சாப்பாட்டையும் நின்றபடியே தின்று தீர்த்து, பாத்திரத்தை விரலால் வழித்து நக்கினார். ஐம்பத்து மூன்று வயதில் தன் கையால் சமைத்த முதல் சாப்பாடு. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வாசல்வரை ஓடினார். அப்புறம்தான் இதை ஒருவரிடமும் சொல்ல முடியாது என்று உறைத்தது. பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையில்லை என்று சொல்ல வேண்டிய நிலைமை. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு வந்த காரியத்தைப் பார்த்தார். சாஸ் கட்டியை அடியில் போட்டார். பாஸ்தாவை மேலே குவித்தார். தண்ணீர் இரண்டே கரண்டி. உப்பு ஒரு கைப்பிடி. கிளறு கிளறு என்று கிளறினார். ஆவி ஓட்டையைத் திறந்து வைத்தார். ஐம்பது நிமிஷம் என்று அழுத்தினார்.

பாழாய்ப்போன மெஷினுக்கு அவரைவிட மனசாட்சி அதிகம். சூடு அதிகமானதும் 'பீப், பீப்' என்று கத்தி, தானே நின்றுகொண்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி நின்றது. "நீ யாரு கட்சி?" என்று அதைத் திட்டி, ஆறவைத்து, மூன்றாவது தடவை அழுத்தினார். சமைக்க அஞ்சு நிமிஷம் ஆனது. கெடுக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது. வேர்த்துக் கொட்டி, பனியன் நனைந்து, கடைசியில் அடியெல்லாம் கன்னங்கரேலென்று பிடித்து, பாஸ்தா சொன்னபடி கேட்டுக் கருகியது.

மனைவி திரும்பி வந்தபோது வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். சோக முகம் தயாராக இருந்தது.

"ஐயோ, என்னங்க ஆச்சு?"

"எனக்கு வராதும்மா. நான்தான் அப்பவே சொன்னேனே."

அவள் பையை வைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அந்தக் கண்ணாடிக்குப் பவர் பார்த்துப் போட்டுக் கொடுத்தவர் சாட்சாத் இவரேதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், குக்கரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"தண்ணி?"

"மறந்துட்டேன் போல."

"உப்பு?"

"கை தவறிடுச்சு."

"சாஸ்?"

"அடியில போயிடுச்சு."

"கிளறினீங்களா?"

"கிளறாம எப்படிம்மா?"

"ஓட்டையை அடைச்சீங்களா?"

"அடைக்கணுமா அதை?"

"நிமிஷம்?"

"அம்பது."

அவள் கருகிய பாத்திரத்தைக் குனிந்து பார்த்தாள். "நிஜமா தீப்பிடிச்ச கடையில ஒரு மூலையாவது தப்பிச்சிருக்கும்ங்க. ஒரு நாற்காலி, ஒரு காலண்டர், ஏதாவது ஒண்ணு. எதுவுமே மிச்சமில்லாம ஒழுங்கா எரிஞ்சிருந்தா நாங்க நெருப்பைப் பார்க்க மாட்டோம். ஓனரைப் பார்ப்போம்."

அவள் ஃப்ரீசரைத் திறந்து எண்ணினாள்.

"இருபத்தாறுல இருபத்துநாலுதான் இருக்கு."

"ஒண்ணு கீழ விழுந்துடுச்சு."

"விழுந்தா உடையும். மறையுமா?" என்றவள், சட்டென்று குரலை இறக்கினாள். "பாவம். முதல்ல ஒண்ணு முயற்சி பண்ணியிருக்கீங்க. குழைஞ்சு கூழாப் போயிருக்கும். தூக்கிப் போட்டுட்டீங்க, அப்படித்தானே?"

"கூழா?"

"முதல் தடவை கூழாத்தான் வரும். எனக்கே குழைஞ்சுது. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

"எனக்குக் குழையல."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, களிமண் மாதிரி…"

"என்னது, களிமண்ணா? தனித்தனியா நின்னுது! பளபளன்னு இருந்துது! நேத்து நீ செஞ்சதைவிட…"

வாய் அங்கே நின்றது. நின்று என்ன பிரயோஜனம்? எல்லாம் வெளியே வந்தாகிவிட்டது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபமாகக் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"அப்போ அந்த முட்டை?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அதுவுமா?" அவள் பரணைக் காட்டினாள். "அந்த ஓட்டைப் பாத்திரத்தை நான் இன்னும் தூக்கிப் போடலைங்க. நான் இல்லாட்டா இந்த மனுஷன் பட்டினி கிடந்து செத்துடுவார்னு, அதைப் பார்த்துப் பார்த்து என்னையே சமாதானப்படுத்திக்கிட்டேன். என்கிட்ட வேலை கத்துக்கிட்டவனுக்கு நாலு வருஷமா வணக்கம் சொல்லிட்டு இருக்கேன். போகாதேன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? சண்டையாவது போட்டிருப்பேனே."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலும், இனி வேண்டாமென்று எழுதிக் கொடுக்க மாட்டாளே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

"பசிக்குது. எனக்கு ஒரு தட்டு செஞ்சு குடுங்க" என்றாள்.

அரை மணி நேரம் பாத்திரத்தைச் சுரண்டித் தேய்த்தார். அளவாகத் தண்ணீர், அளவாக உப்பு, சாஸ் மேலே. கிளறவில்லை. அவள் சாப்பிட்டாள். அவர் பக்கத்திலேயே நின்று, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் சமையலுக்காக அவர் வாங்கிய முதல் பாராட்டு. அசட்டுச் சிரிப்பு வந்தது. கோபம் தணிந்துவிட்டது, இனி பேசிச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கை கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து ஆபீஸ் கடிதத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டாள். பிறகு கீழே இருந்த ஒரு வரியை அழுத்தி அடித்தாள்.

"என்னம்மா அடிக்கிற?"

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்ப அனுமதி கேட்டு எழுதியிருந்தேன், வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சமைச்சு வைக்க."