மாட்ட மறுத்த டிரம்

பின்சக்கரத்தின் பிரேக்கை மூடும் இரும்பு வட்டையான டிரம்மை நூலகர் மூன்றாவது முறையாகத் தூக்கிப் பொருத்தினார். மூன்றாவது முறையும் அது உள்ளே போகாமல், புதுப் பிரேக் ஷூக்களின் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது.

"என்னங்க, ஆச்சா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஆயிரும், ஆயிரும். நீ பெடல்ல மட்டும் காலை வெச்சுராதே. டிரம் இல்லாம மிதிச்சா உள்ள இருக்கறதெல்லாம் பிதுங்கி வெளிய வந்துரும். மாட்டினப்புறம் நான் சொல்றேன், அப்ப மிதி."

"காலே வைக்கலீங்க."

வைக்கவில்லைதான். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

வானம் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலுக்குள் ஒரு பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும் ஒரு குடையும் புறப்படத் தயாராக இருந்தன. மூன்றும் அவளுடையவை. மலைமேல் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குத் தலைமைச் செவிலியாக அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. மறுநாள் காலையில் அங்கே இருந்தாக வேண்டும். தவறினால் அந்தப் பதவி அடுத்தவருக்குப் போய்விடும். நூலகரோ தம் வேலையை விட்டு உடன் போக முடியாதவர். அந்த வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர மூன்றாவது ஆள் கிடையாது. இனி இரண்டாவது ஆளும் கிடையாது.

ஆணை வந்த அன்று, "போகட்டுமாங்க?" என்று அவள் கேட்டாள். 'போகாதே' என்ற சொல் அவருடைய தொண்டை வரைக்கும் வந்தது. இரவுப் பணி பார்த்துப் பார்த்துக் கண்ணடியில் கருமை தட்டிய அவள் முகத்தைப் பார்த்ததும், வந்த வழியே திரும்பிவிட்டது.

"தாராளமாப் போ. என் பாட்டை நான் பாத்துக்குவேன்" என்றார்.

அவள் ஆணையை மடித்து உறைக்குள் போட்டாள். பிறகு, "அப்ப நீங்களே வண்டியில கொண்டுபோய் விடுங்க. இல்லேன்னா நான் போகலை" என்றாள்.

அந்த வண்டிதான் இப்போது பின்பக்கம் ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. பிரேக் பிடித்தால் பூனை வாலை மிதித்தது போல் கத்துகிறதே என்று கழற்றிப் பார்த்தபோது, ஷூக்கள் தேய்ந்து எலும்பும் தோலுமாக இருந்தன. வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லை. புத்தகம் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு என்பது நூலகரின் கட்சி. வண்டியோடு வந்த கையேடு பழைய ஷூக்களைக் கழற்றும் முறையை இரண்டு பக்கம் விவரித்துவிட்டு, 'கழற்றியதற்கு எதிர்வரிசையில் மாட்டவும்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. தம் நூலகம் முழுவதிலும் இவ்வளவு கல்நெஞ்சம் கொண்ட வாக்கியத்தை அவர் படித்ததில்லை.

ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு விருந்துக்குப் போன ஆமை ஒன்று உண்டு. வயிறு புடைக்கத் தின்று திரும்பியபோது ஓடு அதை உள்ளே விடவில்லை. "நான் அப்படியேதான் இருக்கேன், நீதான் சுருங்கிட்டே" என்று அது ஓட்டைத் திட்டிற்றாம். நூலகரும் டிரம்மைத் திட்டினார்.

எதிர்வீட்டு மாடி ஜன்னலில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அந்த ஜன்னலுக்கு நேர்கீழேதான் வண்டியின் முன்கண்ணாடி இருந்தது. தையல்காரர் தலையை நீட்டினார்.

"என்ன சார், அளவு பத்தலையா? ஓரத்துல கொஞ்சம் வெட்டி விட்டுரலாமே?"

"இது சட்டை இல்ல மாஸ்டர்!"

"எதுவா இருந்தா என்ன சார், பிடிச்சா பிரிச்சுத்தானே ஆகணும்?"

நூலகர் அவரை அலட்சியம் செய்துவிட்டு, ஷூக்களின் இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டரைக் கடைசி வரைக்கும் திருகி உள்ளே தள்ளினார். டிரம்மை எடுக்கப் பின்னால் திரும்பினார். வண்டிக்குள் 'கிர்ரக்' என்று ஏதோ கேட்டது.

"என்ன சத்தம்?"

"பழைய வண்டிதானேங்க" என்றாள் மனைவி.

டிரம் போகவில்லை.

கையேட்டை மறுபடி புரட்டினார். முன்னிருக்கைகளின் நடுவே உள்ள ஹேண்ட்பிரேக் கம்பி மேலே இழுத்திருந்தால் ஷூக்கள் விரிந்து நிற்கும் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. "ஏம்மா, ஹேண்ட்பிரேக் கீழதானே இருக்கு?"

"காலையில நீங்கதானே இறக்கி விட்டீங்க?"

அதுவும் உண்மை. தம் கையாலேயே இறக்கியிருந்தார். வேறு வழியின்றி, தையல்காரர் சொன்னபடியே ஷூவின் ஓரத்தை அரத்தால் தேய்த்தார். கரும்பொடி மூக்கில் ஏறித் தும்மல்தான் வந்தது. ஷூக்களைக் கழற்றி டிரம்முக்குள் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தின. மறுபடி சக்கரத்தில் மாட்டும்போது, இழுத்துப் பிடித்த ஸ்பிரிங் விடுபட்டு, அவர் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுச் சாக்கடைக்குள் குதித்தது.

மனைவி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். ரத்தத்தைத் துடைத்து, மருந்து தடவி, பூ வைப்பது போல் பிளாஸ்திரியை ஒட்டினாள்.

"நான் போயிட்டா இதெல்லாம் யாரு ஒட்டுவா?"

அவர் பிளாஸ்திரியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். ஆனாலும், போகிறவளைக் கண்கலங்க வைத்து அனுப்பக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானே ஒட்டிக்குவேன். கண்ணாடி இருக்குல்ல."

"சமையலு?"

"அது என்ன பெரிய வித்தை? அரிசி, தண்ணி, அடுப்பு."

அவள் எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்தாள். கதவை அவள் சாத்திய வேகத்தில் ஜாக்கியே ஒரு தரம் ஆடிற்று. அவளுக்கு அவசரம், நான்தான் தாமதப்படுத்துகிறேன் என்று நூலகர் தம்மையே நொந்துகொண்டார். சாக்கடையைத் துழாவி ஸ்பிரிங்கை மீட்டு மாட்டினார். டிரம்மை எடுக்கத் திரும்பினார், பொருத்தினார், போகவில்லை.

எப்படித்தான் இருக்க வேண்டும் என்று பார்த்துவிடலாமென மறுபக்கச் சக்கரத்தையும் கழற்றினார். அங்கே ஷூக்கள் சாதுவாக, சரியாக உட்கார்ந்திருந்தன. புதுசைப் போட்டார். முடிவில் அந்த டிரம்மும் உள்ளே போக மறுத்தது. காலையில் ஒரு சக்கரம் இல்லாதிருந்த வண்டிக்கு இப்போது இரண்டு சக்கரங்கள் இல்லை. தூறலும் தொடங்கிவிட்டது.

"சார், பேசாம பஸ்ல அனுப்பிருங்களேன்? சாயங்காலம் ஒண்ணு இருக்கு" என்றார் மாடியிலிருந்து தையல்காரர்.

"பஸ் எனக்கு வயித்தைப் புரட்டும்!" என்று வண்டிக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து மருத்துவமனைக்குப் பஸ்ஸிலேயே போய்வருகிறவள் அவள். வயதாகிறது பாவம் என்று நூலகர் எண்ணிக்கொண்டார். இந்த வயதில், முன்பின் தெரியாத ஊரில், தனியாக ஓர் அறையில் அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் காட்சி மனத்தில் வந்தது. கை தளர்ந்து டிரம் காலில் விழுந்தது. அந்த வலி கூட அவருக்கு உறைக்கவில்லை.

வெளிச்சம் மங்கியது. இருட்டினால் மலைப்பாதையில் பஸ்ஸைத் தவிர வேறு வண்டியை விடமாட்டார்கள்; இனி வண்டி சரியானாலும் காலைக்குள் மலையேற முடியாது. சாயங்கால பஸ்ஸும் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது.

நூலகர் கழற்றிய சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னை மன்னிச்சிரும்மா. உன் பதவியை நான் கெடுத்துட்டேன். ஒரு டிரம்மை மாட்டத் துப்பில்லாதவனைக் கட்டிக்கிட்டே."

அவள் வண்டியை விட்டு இறங்கி, மழையில் நனைந்த அவர் தலையை முந்தானையால் துவட்டினாள். "விடுங்க. போனாப் போகுது. உள்ள வாங்க, வெந்நீர் போடறேன்" என்றாள். அவள் குரல் ஏனோ தளும்பியது. வாசலில் இருந்த பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மனம் கேட்காமல், மழையில் கிடக்க வேண்டாமே என்று மட்டும் எண்ணி நூலகர் டிரம்மைத் தூக்கினார். சும்மா வைத்தார். அது ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. மறுபக்கம் ஓடினார். அந்த டிரம்மும் அப்படியே போயிற்று.

வாயைப் பிளந்தபடி நின்றார். "மாஸ்டர்! பாத்தீங்களா இந்த அநியாயத்தை? காலையிலேர்ந்து போகாத டிரம் இப்ப மட்டும் எப்படிப் போச்சு?"

ஜன்னலை மூட வந்த தையல்காரர் தயங்கினார்.

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார், நானே கேக்கணும்னு நெனச்சேன். நீங்க அந்த வட்டையை எடுக்கத் திரும்பற ஒவ்வொரு தடவையும், அக்கா ஏன் நடுவுல இருக்கற கம்பியை ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க?"