வலது கிண்டித் தீர்த்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாரம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தவர்கள் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் அங்கே போகவே இல்லை என்று சாதிக்கக் கூடாது. மண்டைக்காட்டுக் கோவிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்த எங்கள் எதிர்வீட்டு அழகம்மை. சொந்தக்காரர்களுக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்த விக்டோரியா டீச்சர். கோட்டாறு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஜஸீனா, அவளை இழுத்து வந்திருந்த அவளுடைய உம்மா ஹமீதா பீவி. என் மருமகள் தன்யா. பேங்குக்குப் போவதாக வீட்டில் சொல்லி அவளைக் கூட்டி வந்திருந்த நான், குலசேகரன். ஞாயிற்றுக்கிழமை பேங்க் கிடையாது என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இவர்கள் போக இன்னும் எழுபது பெண்கள். நடுவில், பட்டுச்சேலையில், தீர்த்தத்தம்மா.

அம்மாவின் புகழ் வாட்ஸ்அப்பில் துபாய் வரை போயிருந்தது. மாதவிடாய் தள்ளிப்போகிறவள், மாதத்தில் இருமுறை வருகிறவள், வலியில் சுருண்டு படுக்கிறவள், தாடையில் ரோமம் முளைத்தவள், எல்லோருக்கும் அம்மா சொல்லும் நோய் ஒன்றுதான்: உள்ளே கெட்ட ரத்தம் கட்டிக் கிடக்கிறது. டாக்டர்களுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், ஸ்கேன் வேண்டும். அம்மாவுக்கு ஒரு துண்டு மஞ்சள் துணி போதும். துணியை வந்தவளின் உள்ளங்கையில் வைத்து, தன் வலது கையிலிருக்கும் மூக்கு வைத்த பித்தளைக் கிண்டியிலிருந்து தீர்த்தம் விடுவார். துணி ரத்தமாய்ச் சிவக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நாற்பத்தொரு நாள் அம்மாவின் வேர்ப்பொடி. இங்கிலீஷ் மருந்து தொடக் கூடாது. முடித்து வருகிறவளுக்கு இடது கையிலிருக்கும் இன்னொரு கிண்டியின் தீர்த்தம். துணி மஞ்சளாகவே இருக்கும். நோய் தீர்ந்தது. நோய் எங்கே போனது என்று அந்தப் பெண்ணின் வயிற்றைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஆறு வாரம் முன்பு தன்யாவின் கையில் துணி சிவந்தது. எங்கள் வீட்டு மருமகளுக்குக் கெட்ட ரத்தம் என்று நாளைக்கு நாலு பேர் பேசலாமா? டாக்டர் கொடுத்திருந்த தைராய்டு மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். முகம் வீங்கியது. கொத்துக் கொத்தாய் முடி உதிர்ந்தது. பாத்திரம் கழுவும்போது நின்றபடியே தூங்கி விழுந்தாள். கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்று அம்மா போனில் விளக்கம் சொன்னார். நாற்பத்தொரு நாளும் முடிந்து, இடது கிண்டித் தீர்த்தத்துக்காக அன்று அவளைக் கூட்டி வந்திருந்தேன்.

பெண்கள் மட்டும் என்று வாசலில் எழுதியிருந்தது. மற்ற ஆண்கள் எதிரே டீக்கடையில் நின்றார்கள். வீட்டுப் பெண்ணைத் துணையில்லாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. உள்ளே போய்த் தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

என்னையும் தூண் என்றே நினைத்தார்களோ என்னவோ, வரிசையில் நின்ற பெண்கள் வாய்விட்டுப் பேசினார்கள். விக்டோரியா டீச்சர் வகுப்பு நடுவில் சேலையில் கறை பட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே முப்பது வருஷம் பாடம் நடத்தியதைச் சொன்னார். சினைப்பையில் நீர்க்கட்டி என்று டாக்டர் சொன்னதையும், தினமும் நடந்து, சோற்றைக் குறைத்து, மாத்திரை சாப்பிட்டு மாதவிடாய் ஒழுங்கானதையும் ஜஸீனா சொன்னாள். தன்யா பைய வாய் திறந்தாள். மாத்திரை சாப்பிட்டபோது இரண்டு மாதம் ஒழுங்காக வந்ததாம். இப்போது நின்றுபோயிற்றாம்.

"ஏட்டி, பிறவு என்னத்துக்கு நிறுத்தின?" என்றாள் ஜஸீனா. "யாரு சொன்னா?"

தன்யா தூண் பக்கம் பார்த்தாள். வரிசை முழுக்கத் தூண் பக்கம் பார்த்தது. நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

ஜஸீனாவின் முறை வந்தது. அவள் கையை நீட்டவில்லை.

"அம்மா, மொதல்ல அந்தப் பாட்டாக்குப் பாருங்க."

"ஆம்பளைக்கு இது எதுக்கு மக்கா?"

"கெட்ட ரத்தம் அவருக்கும் இருக்கான்னு தெரியட்டும்."

எங்கள் குடும்ப ரத்தத்தில் கெட்டது என்று ஒன்று கிடையாது. ஊரறிய அதை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? எழுந்து போய்க் கையை நீட்டினேன். அம்மா இடது கிண்டியைத் தூக்கினார்.

"அது நோய் தீந்தவங்களுக்கு உள்ளதுல்லா," என்றாள் ஜஸீனா. "பாட்டா புதுசு."

கூடம் சிரித்தது. வேறு வழியில்லாமல் அம்மா வலது கிண்டியைச் சாய்த்தார். என் உள்ளங்கையில் துணி ரத்தமாய்ச் சிவந்தது.

அம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. "பாத்தியளா, இந்தக் குடும்பத்துப் பாவம் முழுசும் பெரியவர் கையில நிக்கி. அவரும் நாப்பத்தொரு நாள் பொடி சாப்பிடணும்."

எனக்குத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கோபம் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் ஜஸீனா இன்னொரு துணியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். வலது கிண்டியை அம்மா கையிலிருந்து வாங்கி அதில் ஊற்றினாள். அதுவும் சிவந்தது.

"அம்மா," என்று பணிவாகக் கேட்டாள், "இந்த மேசைக்கு எத்தனை மாசமா வரல்ல?"

தீர்த்தத்தில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். சுருக்கென்றது. ஐம்பது வருஷமாக வெற்றிலை போடுகிறவனுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரைத் தெரியாதா? சொன்னேன். அழகம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "மஞ்சக்கறையில சோப்பு பட்டாலே செவக்குமே. தெனமும் தொவைக்கதுதானே." கல்லில் துவைக்கும்போது கண்ணால் பார்த்ததை, பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி காட்டியதும் அற்புதம் என்று கும்பிட்டிருக்கிறார்கள். கூடவே போய், மாத்திரையை நிறுத்திய ஒருவனும் இருக்கிறான்.

அம்மா சமையற்கட்டு வழியாக வெளியேறப் பார்த்தார். அங்கே இருபது பெண்கள் காணிக்கையைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள். இடது கிண்டியில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்.

அதற்குப் பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பந்திப்பாயை விரித்து உட்கார்ந்து பேசினார்கள். எந்த ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று டீச்சர் சொல்ல, மற்றவர்கள் போனில் குறித்துக்கொண்டார்கள். எல்லாம் நின்று ஆறு வருஷத்துக்குப் பிறகு இப்போது மறுபடி ரத்தம் படுகிறது என்று ஹமீதா பீவி சொன்னார். மகளிடம்கூட அதுவரை சொன்னதில்லையாம். ஜஸீனா சிரிப்பை நிறுத்திவிட்டு, நாளைக்கே டாக்டரிடம் போகிறோம் உம்மா என்றாள்.

தன்யா என்னிடம் வந்தாள். "மாமா, நாளைக்குக் காலையில வெறும் வயித்துல மாத்திரை போடுவேன். டாக்டரையும் போய்ப் பாப்பேன்."

அவள் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னாள். நான் சரி என்றேன். எங்கள் குடும்பத்து ஆண்கள் அதிகம் பழகாத சொல் அது.

கடைசியாக ஒன்று. குலசேகரனுக்கு மாதம் தள்ளிப்போய்விட்டது, கையில் துணி சிவந்ததைக் கண்ணால் பார்த்தோம், ரகசியமாகப் பொடி சாப்பிடுகிறார் என்று கொட்டாரம் கடைத்தெருவில் ஒரு பேச்சு நடக்கிறது. இரண்டு பேர் வீடு தேடி வந்து துக்கமும் விசாரித்தார்கள். யோசிக்க நாற்பத்தொரு நாள் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். எனக்குக் கர்ப்பப்பை கிடையாது.