தொண்டை கட்டிய சேவல்

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு டிரைவர் ஒரு சபதம் செய்தார்.

“இத்தனை வருஷம் நான் போய்ச் சூரியனை எழுப்பினேன். இனிமே அவன் வந்து என்னை எழுப்பட்டும். வெயில் ஜன்னல் வழியா வந்து என் மூக்கைத் தொடற வரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்.”

“சரி” என்றாள் மனைவி.

அவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அவள் எதிர்த்துப் பேசினால் பாதி சம்மதம் என்று அர்த்தம். ‘சரி’ என்றால் உள்ளே வேறு ஏதோ கொதிக்கிறது என்று அர்த்தம். ரோட்டில் வளைவு வந்தால் டிரைவருக்கு அரை மைலுக்கு முன்னாலேயே தெரியும். வீட்டில் வந்தால் மோதிய பிறகுதான் தெரியும்.

ஆனால் அவர் ஆசைப்பட்டதில் தப்பு சொல்ல முடியாது. அவர் வீட்டுத் தெருமுனையில்தான் ராத்திரி முழுக்க பஸ் நிற்கும். காலையில் டவுனுக்குப் போகும் முதல் பஸ் அதுதான், அதை ஓட்டியவர் அவர்தான். தெருவே போர்த்திக்கொண்டு கிடக்கும்போது அவர் எழுந்து முகம் கழுவுவார். சமையலறையில் அவள் டீ போடுவாள். உட்கார நேரம் இருக்காது. அடுப்புப் பக்கம் நின்றபடியே இரண்டு பேரும் குடிப்பார்கள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். “பின் டயர் சரியில்லை.” “குடை எடுத்துக்குங்க.” அவ்வளவுதான். அப்புறம் அவள் டார்ச் அடித்துக்கொண்டு தெருமுனை வரை வருவாள். அவர் ஏறி எஞ்சினைக் கிளப்பி, ஒரு ஹார்ன் அடிப்பார். நீளமாக. அதில்தான் தெருவே எழுந்திருக்கும். யாரும் அலாரம் வாங்கியதில்லை. பஸ்ஸே வாசலில் வந்து கத்தும்போது அலாரம் எதற்கு?

புதிதாக வந்த டிரைவர் மௌனச்சாமி. ஹார்னைத் தொடுவதே பாவம் என்பது போல, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி சத்தமில்லாமல் எடுத்துப் போய்விடுவான்.

நம்மவர் தூங்கினார். வெயில் வந்தது, மூக்கைத் தொட்டது, எழுந்தார். சொர்க்கம். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஒரு நாள் கொல்லைப்பக்கம் போனால் நாலைந்து கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. நடுவில், சம்பளம் வாங்காத போலீஸ்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சேவல்.

“என்ன இது?”

“கோழி.”

“அது தெரியுது. எதுக்கு?”

“முட்டைக்கு.”

“இதுவும் முட்டை போடுமா?” சேவலைக் காட்டினார்.

“போடாது.”

“அப்புறம் இது எதுக்கு?”

“வீட்ல ஆம்பிளைன்னு ஒண்ணு இருக்கணுமே.”

“நான் இருக்கேனே!”

“நீங்கதான் ரிடையர் ஆயிட்டீங்களே.”

மறுநாள் இருட்டு விலகுமுன் அது கூவியது. டிரைவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். லாரி ஹார்ன், ரயில் ஹார்ன் எல்லாம் கேட்டவர். எதற்கும் ஒரு முடிவு உண்டு. இது நிறுத்தி, மூச்சு வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தது. அன்றே அதற்கு ஏர்ஹார்ன் என்று பேர் வைத்தார். தலையணையைத் தலைக்கு மேலே வைத்துப் படுத்துப் பார்த்தார். ஏர்ஹார்ன் தலையணையைத் துளைத்தது.

“அது கூவுது” என்று மனைவியிடம் புகார் சொன்னார்.

“சேவல் கூவாம, பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் கணக்கா சொல்லித் தரும்?”

“அக்கம்பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவுடி!”

“யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிடலாம் என்று கிளம்பினார். பெண்டாட்டியை ஜெயிக்க முடியாதவன் ஊரைத் துணைக்குக் கூப்பிடுவான். ஊர் அவள் பக்கம் என்பது கடைசியில்தான் தெரியும்.

முதலில் இடது பக்கத்து வீட்டுத் தச்சரிடம் போனார். தச்சர் டவுனில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறவர். அன்று லீவு. வாசலில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, எங்க சேவல் சத்தத்துல உன் தூக்கம் கெட்டிருக்குமே?”

“ஆமாண்ணே. நல்லாக் கெடுது.”

டிரைவருக்கு உயிர் வந்தது. “அப்ப வந்து எங்க வீட்ல ஒரு சண்டை போடு.”

“எதுக்கு? கெடறதாலதானே முதல் பஸ்ஸைப் பிடிக்கறேன். நீங்க ரிடையரான முதல் வாரம் ரெண்டு தடவை விட்டுட்டேன். அக்காவுக்குக் கோயிலே கட்டலாம்ணே.”

எதிர்வீட்டு நர்சம்மாவிடம் போனார். அவளுக்குக் காலை டியூட்டி, அதே பஸ்.

“பழையபடி உங்க ஹார்ன் மாதிரியே இருக்குண்ணே” என்றாள் அவள். “என்ன, இது கொஞ்சம் சுருதியா இருக்கு.”

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. கோடிவீட்டுப் பால்காரம்மாவிடம் அவர் வாயைத் திறப்பதற்குள், “எங்க மாடே அந்தச் சத்தத்துலதான் எந்திரிக்குது தம்பி” என்று சொல்லிவிட்டாள். மாடும் கைவிட்டது.

டிரைவர் ஒரு காலை முழுக்கக் கொல்லையில் உட்கார்ந்து ஏர்ஹார்னையே கவனித்தார். மெக்கானிக் எஞ்சினைக் கவனிப்பது மாதிரி. அது முதலில் சிறகடித்தது. பிறகு குதிகால் தூக்கியது. பிறகு கழுத்தை மேலே நீட்டியது. அதற்கப்புறம்தான் சத்தம். அப்படியென்றால்? கழுத்து நீளவில்லையென்றால் சத்தம் இல்லை! கிளட்ச் மிதிக்காமல் கியர் விழுமா?

நேராகத் தச்சரிடம் ஓடினார். “சேவலை ராத்திரி அடைக்க ஒரு பெட்டி வேணும். கீரி வருது.”

தச்சர் அளவைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினார். “இவ்வளவு தாழ்வாவா? நிமிர முடியாதேண்ணே.”

“தூங்கறப்ப எதுக்கு நிமிரணும்? நீ நிமிர்ந்துக்கிட்டா தூங்கறே?”

பெட்டி வந்தது. நல்ல இழைப்பு, காற்றுக்குப் பக்கவாட்டில் ஓட்டை, முன்னால் தூக்கித் திறக்கிற பலகை. மனைவி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்.

“சேவலுக்குத் தனி ரூமா?”

“கீரி வருது.”

“சரி” என்றாள்.

இரண்டாவது ‘சரி’. இப்போதும் அவர் உஷாராகவில்லை.

அடுத்த நாள் காலை கொல்லையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெயில் ஜன்னலுக்கு வந்து, போர்வை மேல் ஏறி, மெதுவாக அவர் மூக்கைத் தொட்டது. டிரைவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார். சோம்பல் முறித்தார். வாசலுக்கு வந்தார்.

வாசலில் தெருவே நின்றது.

நர்சம்மா யூனிஃபார்மில், பையோடு, ஒரு பக்கம் மட்டும் பின்னிய ஜடையோடு. தச்சர் ரம்பத்தோடு. பால்காரம்மா நிறைந்த கேனோடு. பால் வண்டி போய்விட்டது. பஸ்ஸும் போய்விட்டது.

“சேவலுக்கு என்னாச்சுண்ணே?” என்றாள் நர்சம்மா. அழுகிற மாதிரி இருந்தாள். வார்டில் ஒருத்தி இவள் வரும்வரை வீட்டுக்குப் போக முடியாமல் காத்துக்கொண்டிருப்பாள்.

டிரைவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கதவில் சாய்ந்துகொண்டு தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உலகத்திலேயே முக்கியமான வேலை அந்தச் சிக்குதான் என்பது போல நின்றாள்.

“அதுக்கு... தொண்டை கட்டிடுச்சு” என்றார் டிரைவர்.

“தொண்டையா? நான் பாக்கறேன். பையில டார்ச் இருக்கு.”

“வேணாம் வேணாம்! தொத்திக்கும்.”

“எப்ப சரியாகும்?” என்றாள் பால்காரம்மா.

“கொஞ்ச நாளாகும்.”

அப்போதுதான் மனைவி சீப்பைத் தலையில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பாவம், அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணுவீங்க? கவலைப்படாதீங்க. சேவல் வர்றதுக்கு முன்னாடியே எங்க வீட்லேருந்து ஒருத்தர்தானே இந்தத் தெருவை எழுப்பிக்கிட்டிருந்தாரு? அவரு தொண்டை நல்லாத்தான் இருக்கு.”

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் தன் பொய்யைப் பார்த்தார். அது பெரிதாக வளர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தாண்டிப் போக வழியில்லை.

நர்சம்மா அன்று செங்கல் லாரியில் ஏறி வேலைக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து டிரைவர் வீடுவீடாகப் போனார். கையில் டார்ச், தலையில் துண்டு. தச்சர் மரம் அறுக்கிற ஆள், தூங்குவதும் மரம் மாதிரிதான். ஜன்னல் கம்பியில் குச்சியை வைத்துக் கரகரவென்று இழுத்தால்தான் அசைவார். நர்சம்மா உள்ளிருந்தே “அஞ்சு நிமிஷம்ணே” என்பாள். “அஞ்சு நிமிஷம்னு சொன்னவங்க எத்தனை பேர் பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி வர்றதைக் கண்ணாடியில பாத்திருக்கேன் தெரியுமா? எந்திரி!” என்று கதவு அதிரத் தட்டுவார். பால்காரம்மா வீட்டில் மாடு அவரைக் கண்டதும் தலையாட்டும்.

திரும்பி வந்தால் தூக்கம் வராது. சமையலறையில் விளக்கு எரியும். இரண்டு டம்ளர் இருக்கும். அடுப்புப் பக்கம் நின்றபடியே குடிப்பார்கள். உட்கார நேரம் இருந்தது, ஆனாலும் நின்றார்கள். தெருமுனையில் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்கும்.

“கேட்டியா கியர் போடறதை? இரும்புக்கடையில தகரத்தைக் கொட்டற மாதிரி.”

“நீங்க மட்டும்? முதல் வருஷம் அப்படித்தான் போட்டீங்க.”

“யார் சொன்னா?”

“நான்தான் டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னேனே.”

அந்த டீ நன்றாக இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. சபதம் என்று ஒன்று இருக்கிறதே! ஆகவே ஒரு நாள் சேவலுக்குக் குணமாகிவிட்டது என்று தெரு முழுக்க அறிவித்தார். அன்று சாயங்காலம் அதைப் பெட்டியில் அடைக்கவில்லை. விடியும் முன் ஏர்ஹார்ன் சேர்த்து வைத்ததையெல்லாம் வட்டியோடு கூவித் தீர்த்தது. டிரைவருக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது. கூவட்டும்! என் வேலை முடிந்தது! போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வெயில் மூக்குக்கு வருவதற்குள் கதவு தட்டப்பட்டது. அதே ஜடை, அதே ரம்பம், அதே கேன்.

“சேவல் கூவுச்சே!” என்றார் டிரைவர்.

“கேட்டுச்சுண்ணே. கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்” என்றாள் நர்சம்மா. “சேவலுக்குப் பதில் சொல்ல வேண்டாமில்ல. நீங்கன்னா விட மாட்டீங்க.”

“மாடுகூட உன்னைத்தான் எதிர்பார்த்துச்சு தம்பி.”

“சேவலை நம்ப முடியாதுண்ணே” என்றார் தச்சர். “பெட்டி செய்யறப்பவே அக்காகிட்ட இதைத்தான் சொன்னேன்.”

“எப்ப? எந்த அக்கா?”

“நம்ம அக்காதான். வந்து அளவு பாத்தாங்க. ‘இன்னும் ஒரு விரற்கடை தாழ்த்துங்க, இல்லேன்னா கழுத்தைத் தூக்கிக் கூவிடும். இனிமே அவரே வந்து உங்களை எழுப்புவாரு’ன்னாங்க.”

டிரைவர் உள்ளே போனார். வேகமாகத்தான் போனார். சமையலறை வாசலில் வேகம் குறைந்துவிட்டது. மேடையில் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்று காலி. இன்னொன்றில் டீ ஆடை கட்டியிருந்தது.

“ஏன்டி, நீயா?”

“நீங்க ரிடையர் ஆனீங்க. நான் ஆகலையே” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி. “அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடுது. ரெண்டு டம்ளர் எடுப்பேன். ஒண்ணைத் திருப்பி உள்ள வெப்பேன்.”

“என்னை எழுப்பியிருக்கலாமில்ல?”

“சபதம் போட்டவரை நான் எப்படி எழுப்பறது? சேவல் எழுப்பட்டும்னு பாத்தேன். நீங்க எந்திரிச்சுக் கத்துனீங்க, மறுபடி படுத்தீங்க. டீக்கு வரலை. அப்புறம் நீங்களாப் போய்ப் பெட்டி சொன்னீங்க. சரின்னேன்.”

டிரைவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். வேறு என்ன செய்வது?

அதற்கப்புறம் யாரும் எதையும் பேசி முடிவு செய்யவில்லை. அன்று சாயங்காலம் மனைவியே சேவலைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டாள். ஒரு தெருவுக்கு ஒரு ஹார்ன் போதும் என்றாள். நாளாக ஆக ஏர்ஹார்னுக்கு அந்த இருட்டு பழகிப்போனது. வெயில் ஏறி, பலகை தூக்கி, வெளிச்சம் அலகைத் தொடும்வரை அது அசைவதில்லை. உடம்பு போட்டுவிட்டது. முகத்தில் ஒரு ரிடையர் ஆன களை.

ஒரு பனிக்காலத்து விடியலில், தச்சர் வீட்டுக்குக் கிளம்பிய டிரைவர் இருட்டில் வாளியை உதைத்துவிட்டார். அது கொல்லை முழுக்க உருண்டு சத்தம் போட்டது. சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். அடிபட்டதா என்று கேட்கத்தான் வருகிறாள் என்று அவர் காலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவாப் போங்க. சேவல் தூங்குது.”